பால்மரத்து இயற்பியல்

நாசி லெமாக் பொட்டலத்தைக் கட்டிவரும் ரப்பர் வளையத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். கொஞ்சம் அகலமான வளையமாக ஒன்றைப் பார்த்து எடுத்து, மேலுதட்டில் ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு சட்டென்று நன்றாக இழுங்கள். உதட்டில் சூடு தெரியும். இழுத்தபடியே அரை நிமிடம் பிடித்திருந்து, பிறகு தளரவிட்டு மறுபடி உதட்டில் வையுங்கள். இப்போது குளிரும்.

இங்கிலாந்தின் கெண்டல் என்ற ஊரில் ஜான் கஃப் என்று ஒருவர் இருந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே அம்மை கண்டு பார்வை போனவர். இந்த உதட்டுச் சோதனையை 1805இல் எழுதி வெளியிட்டவர் அவர்தான். இன்னொன்றையும் அவர் கவனித்தார். ரப்பரில் ஓர் எடையைத் தொங்கவிட்டுச் சூடாக்கினால் ரப்பர் நீளாது, சுருங்கும். எடை மேலே ஏறும். இரும்புக் கம்பியைச் சூடாக்கினால் நீள்கிறது. ரப்பர் ஏன் தலைகீழாக நடந்துகொள்கிறது? அரை நூற்றாண்டு கழித்து 1859இல் ஜேம்ஸ் ஜூல் இதைத் துல்லியமாக அளந்து, கஃப் சொன்னது சரிதான் என்று உறுதி செய்தார். ஆனால் காரணத்தைச் சொல்ல ஜூலாலும் முடியவில்லை. அதற்கு 1930கள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரையை முடித்து, மதியத்தில் பால்வாளியோடு ஸ்டோருக்கு வருவார். பிறகு நான் ஈப்போவில் ஆறாம் படிவ மாணவர்களுக்கு இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். இப்போது புந்தோங்கில் இருக்கிறேன். ரப்பரை எப்படி வெட்டுவது, எப்போது வெட்டக்கூடாது, எந்த மழைக்குப் பால் கெடும், ஆசிட் எவ்வளவு ஊற்றினால் எப்படி உறையும், எல்லாம் எங்கள் லயத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாலுக்குள் என்ன நடக்கிறது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பள்ளிப் பாடத்தில்கூட ஹூக் விதி வரும், சுருள்வில் வரும், கோட்டுப்படம் வரும். ரப்பர் மட்டும் 'விதிக்கு உட்படாதது' என்று ஒரு வரியில் ஒதுக்கப்பட்டுவிடும். பேராக்கில் பிறந்து ரப்பரை விதிவிலக்காகப் படிப்பது எனக்கு அப்போதே உறுத்தியது. அதன் பிறகு கற்றதை இங்கே சொல்கிறேன். இந்த அறிவில் தோட்டத்து மக்களுக்குப் பங்கு உண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான காரணமும் கீழே வரும்.

ரப்பர் பாலில் மிதக்கும் நுண்துளிகளுக்குள் இருப்பவை மிக நீண்ட சங்கிலி மூலக்கூறுகள். ஐசோப்ரீன் என்ற ஒரே சிறு அலகு, ஒன்றின் வாலில் இன்னொன்றாகப் பல்லாயிரம் முறை கோக்கப்பட்டது ஒரு சங்கிலி. பள்ளித் திடலில் நூறு பிள்ளைகள் கைகோத்து நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். யாரும் சும்மா நிற்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் குதிக்கிறது, திரும்புகிறது, துள்ளுகிறது. இரண்டு ஆசிரியர்கள் இரு கோடியையும் பிடித்து வரிசையை நேராக்கப் பார்த்தால், பிள்ளைகளின் துள்ளலே கோடிகளை உள்ளே இழுக்கும். துள்ளல் கூடக் கூட இழுப்பும் கூடும். ரப்பரின் இழுவிசை இதுதான். சங்கிலி நேராக நிற்க ஒரே வழிதான் உண்டு, சுருண்டு கிடக்க எண்ணற்ற வழிகள். வெப்பம் என்பது மூலக்கூறுகளின் அசைவு. அந்த அசைவு சங்கிலியை எப்போதும் சுருண்ட நிலைக்கே கொண்டுபோகும். அதனால்தான் சூடாக்கினால் ரப்பர் சுருங்குகிறது. எஃகில் அணுக்களுக்கிடையிலான பிணைப்பே நீட்டப்படுகிறது. ரப்பரில் பிணைப்புகள் ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஒழுங்கின்மை மட்டுமே குறைகிறது. வெர்னர் கூன், யூஜின் கூத், ஹெர்மன் மார்க் முதலியோர் 1930களில் கட்டியெழுப்பிய கருத்து இது.

ஆனால் இந்த விளக்கம் ஒரு கேள்வியைத் திறந்துவிடுகிறது. தனித்தனிச் சங்கிலிகள் என்றால், இழுக்கும்போது ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிப் பிரிந்துவிடாதா? பச்சை ரப்பரில் அப்படித்தான் ஆகும். வெயிலில் பிசுபிசுக்கும், இழுத்தால் முழுதாகத் திரும்பாது. சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று கட்ட வேண்டும். சார்லஸ் குட்இயர் 1839இல் கந்தகத்தையும் வெப்பத்தையும் கொண்டு இதைச் செய்தார். இன்றும் உலகின் பெரும்பகுதி ரப்பர் கந்தகத்தால்தான் கட்டப்படுகிறது. வேறொரு வழியும் உண்டு. துகள் முடுக்கி அங்கேதான் வருகிறது.

முடுக்கி என்றதும் ஜெனீவாவின் 27 கிலோமீட்டர் சுரங்க வளையம்தான் பலருக்கு நினைவு வரும். உலகில் உள்ள முடுக்கிகளில் பெரும்பாலானவை மருத்துவமனைகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்பவை. பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி நிறுவனத்தில் 'அலூர்ட்ரோன்' என்ற எலெக்ட்ரான் கற்றைக்கூடம் இருக்கிறது. அதன் முடுக்கி 3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தரக்கூடியது. சூடான இழையிலிருந்து வெளியேறும் எலெக்ட்ரான்களை வெற்றிடக் குழாயில் உயர் மின்னழுத்தம் உந்தித் தள்ளுகிறது. மெல்லிய டைட்டானியத் தகட்டின் வழியே அவை வெளியேறி, கீழே நகரும் பொருள்மீது பாய்கின்றன. தண்ணீரில் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் ஊடுருவாது. ஆனால் அந்த ஆழத்துக்குள் ஆயிரமாயிரம் மூலக்கூறுகளிலிருந்து ஹைட்ரஜன் அணுவைத் தட்டிவிடும். ஹைட்ரஜனை இழந்த இடம் சும்மா இருக்காது. பக்கத்துச் சங்கிலியில் அதேபோல் இழந்து நிற்கும் இடத்தோடு பிணைந்துகொள்ளும். கந்தகம் வேண்டாம், வினையை வேகப்படுத்தும் ரசாயனங்கள் வேண்டாம், கொதிகலன் வேண்டாம். மின்கம்பி உறைகளையும், சூடு பட்டால் சுருங்கிப் பற்றிக்கொள்ளும் குழாய்களையும் இப்படித்தான் கட்டுகிறார்கள். கார் டயரின் உள்ளடுக்கு ரப்பரைச் சற்றே கட்டி, அச்சில் அழுத்தும்போது நூலிழைகள் இடம் பெயராமல் பார்த்துக்கொள்வதும் இதே கற்றைதான்.

ரப்பர் பாலையே கதிர்வீச்சால் கட்டும் ஆராய்ச்சி ஜப்பானின் தக்காசாகியில் பல ஆண்டுகள் நடந்தது. மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, கேரளத்தின் கோட்டயம் என்று ரப்பர் விளையும் இடங்களுக்கு அது பரவியது. மலேசியாவில் இதற்கென அமைந்த கூடம் 'ரேமிண்டெக்ஸ்'. அங்கே எலெக்ட்ரான் கற்றைக்குப் பதிலாக கோபால்ட்-60இன் காமாக் கதிரைப் பயன்படுத்துகிறார்கள். பால் ஆழமான தொட்டியில் இருப்பதால் ஊடுருவும் கதிர் தேவைப்படுகிறது. இந்தப் பாலில் செய்த கையுறையில் நைட்ரோசமைன் என்ற புற்றுநோய்க் காரணி உருவாவதில்லை. நன்மை தெளிவானது. ஆனால் வலிமை கந்தகக் கையுறைக்குச் சற்றுக் குறைவு, செலவும் உண்டு. அதனால் சந்தையை அது பிடித்துவிடவில்லை. ஆய்வகத்தில் வென்றது ஆலையில் வெல்ல இன்னும் பல நிபந்தனைகள் உண்டு என்பதைப் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்வது நல்லது.

ஈப்போவில் கதிர்வீச்சு என்ற சொல்லைச் சொன்னால் பெரியவர்கள் முகம் மாறும். மாறத்தான் வேண்டும். புக்கிட் மேராவை யாரும் மறக்கவில்லை. ஈயக்கழிவான ஆமாங்கிலிருந்து கிடைக்கும் மோனசைட்டை உடைத்து அரிய மண் உலோகங்களைப் பிரிக்கும் ஆசியன் ரேர் எர்த் ஆலை 1982இல் அங்கே இயங்கத் தொடங்கியது. மோனசைட்டில் தோரியமும் இருக்கிறது. தோரியக் கழிவைப் பற்றி அச்சம் கொண்ட ஊர்மக்கள் 1985இல் வழக்குத் தொடுத்தார்கள். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் மக்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கழிவு கிளேடாங் மலைப்பகுதியில் வைக்கப்பட்டது.

எலெக்ட்ரான் முடுக்கியும் அந்தத் தோரியமும் ஒரே சொல்லால் அழைக்கப்படுவதால் ஒரே பொருளாகிவிடாது. தோரியம்-232இன் பாதி சிதைய 14,000 மில்லியன் ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயது ஏறக்குறைய அவ்வளவுதான். அதை நிறுத்துவதற்கு விசை எதுவும் கிடையாது. முடுக்கியில் மின்சாரத்தை நிறுத்தினால் கற்றை அந்தக் கணமே இல்லை. 3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல், ரப்பரின் அணுக்கருக்களைக் கதிரியக்கம் கொண்டவையாக மாற்றப் போதாது. ஆகவே வெளியே வரும் பொருளில் கதிரியக்கம் இருக்காது. கற்றை ஓடும்போது அருகே நின்றால் உயிருக்கு ஆபத்து, அதனால் தடித்த கான்கிரீட் சுவருக்குள் வைக்கிறார்கள். புக்கிட் மேரா மக்கள் கேட்ட கேள்விகளை எந்த ஆலையிடமும் கேட்கலாம், கேட்க வேண்டும். என்ன பொருள், எவ்வளவு காலம் இருக்கும், நிறுத்த முடியுமா, கழிவு எங்கே போகும் என்ற அந்தக் கேள்விகளுக்குப் பதில் இந்த இரண்டு இடங்களிலும் வேறு வேறு.

இனி ரப்பருக்குள் இருக்கும் இரண்டாவது ரகசியம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

சின்ன வயதில் நாங்கள் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்து செய்வோம். வெட்டுக்கோட்டில் காய்ந்து கிடக்கும் நாடாவை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிக்கொண்டே போனால் கல் போன்ற பந்து கிடைக்கும். ஒட்டுப்பாலுக்கும் எடை போட்டுக் காசு உண்டு என்பதால் பெரியவர்கள் விரட்டுவார்கள். அந்த நாடா கந்தகம் கலக்காத பச்சை ரப்பர். நான் மேலே சொன்ன விளக்கத்தின்படி அது எளிதில் வழுக்கி அறுந்திருக்க வேண்டும். அறுவதில்லை. நன்றாக இழுத்தபின் இன்னும் முரடாகிறது. ஏன்?

1925இல் யோஹன் ருடோல்ஃப் காட்ஸ் என்ற டச்சு ஆய்வாளர் ரப்பர்த் துண்டு ஒன்றை எக்ஸ்ரே கற்றையில் வைத்தார். இழுக்காத ரப்பர் மங்கலான ஒரு வளையத்தை மட்டும் காட்டியது. இழுத்துப் பிடித்து வைத்ததும் படத்தில் கூர்மையான புள்ளிகள் தோன்றின. புள்ளி தோன்றினால் படிகம் இருக்கிறது என்று பொருள். உப்பிலும் சர்க்கரையிலும் இருப்பதுபோல அணுக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. தளரவிட்டால் புள்ளிகள் மறைந்தன. சங்கிலிகள் போதுமான அளவு நேரானதும் பக்கத்துச் சங்கிலியோடு சேர்ந்து நுண்படிகங்களாக உறைகின்றன. உறையும் பொருள் வெப்பத்தை வெளிவிடும். உங்கள் உதட்டில் பட்ட சூட்டில் கணிசமான பங்கு அந்தப் படிகங்கள் பிறந்தபோது வந்தது.

ரப்பரில் ஒரு சிறு கீறல் விழுந்தால், கீறலின் நுனியில்தான் இழுப்பு மிக அதிகம். ஆகவே படிகங்களும் அங்கேதான் அதிகமாகப் பிறக்கும். எங்கே கிழியப் போகிறதோ அங்கே ரப்பர் தானே கெட்டிப்படும். 2002இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மெல்லிய எக்ஸ்ரே கற்றையால் கீறல் நுனியைச் சுற்றி இடம் இடமாகப் படம் எடுத்து, படிகங்கள் அங்கே குவிந்திருப்பதைக் காட்டினார்கள். விமான டயரும் பெரிய லாரி டயரும் இன்றைக்கும் மரத்துப் பாலையே நம்பியிருக்க முக்கியக் காரணம் இது. மலாயா 1942இல் ஜப்பானியர் கைக்குப் போனதும் அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசரமாகக் கட்டியது. 1950களின் நடுவில், மரம் செய்யும் அதே ஐசோப்ரீன் சங்கிலியை ரசாயன ஆலையில் செய்யவும் கற்றுக்கொண்டார்கள். ஏட்டில் எழுதினால் இரண்டும் ஒரே சூத்திரம். ஆனால் இழுத்துப் பார்த்தால் ஆலைச் சரக்கு தாமதமாக, குறைவாகப் படிகமாகிறது. பச்சையாக இருக்கும்போது எங்கள் ஒட்டுப்பால் நாடாவின் உறுதி அதற்குக் கிடையாது.

இந்த அறிவுக்கெல்லாம் காசு கொடுத்தது யார்?

மலாயாவிலிருந்து ஏற்றுமதியாகும் ரப்பர்மீது 'செஸ்' என்ற தனி வரி இருந்தது. 1925இல், காட்ஸ் தன் புள்ளிகளைக் கண்ட அதே ஆண்டில், இங்கே மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் சட்டப்படி உருவானது. 1938இல் இங்கிலாந்தில் பிரிட்டிஷ் ரப்பர் உற்பத்தியாளர் ஆராய்ச்சிச் சங்கம் தொடங்கியது. லண்டனுக்கு வடக்கே வெல்வின் கார்டன் சிட்டியில் அதன் ஆய்வகம் இருந்தது. மலாயா ரப்பர்மீதான வரிதான் அதைத் தாங்கியது. அங்கே வேலை செய்தவர்களின் பெயர்கள் இயற்பியல் புத்தகங்களில் நிலைத்துவிட்டன. லெஸ்லி ட்ரெலோவர், ரொனால்ட் ரிவ்லின், ஆலன் ஜென்ட், ஆலன் தாமஸ். ட்ரெலோவர் 1944இல் கந்தக ரப்பரை ஒரு திசையில் இழுத்தும், இரு திசையில் இழுத்தும், சறுக்கியும் எடுத்த அளவீடுகள் இன்றளவும் உரைகல். ரப்பருக்குப் புதிய கணிதம் ஒன்றை யாராவது முன்வைத்தால், அது ட்ரெலோவரின் புள்ளிகள் வழியாகப் போகிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். அதே 1944இல் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்து ஆட்கள் பலர் திரும்பியிருக்கவில்லை. திரும்பாமலே போனவர்கள் ஆயிரக்கணக்கில். ட்ரெலோவரின் கோட்டுப்படத்தை வகுப்பில் வரையும்போதெல்லாம் அந்த ஆண்டை நான் கரும்பலகையில் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ரிவ்லின் செய்தது நடைமுறைக்கு உதவும் பெரிய காரியம். ரப்பர் இரண்டு மடங்கு, ஐந்து மடங்கு நீளும். சிறு மாற்றத்துக்கென எழுதப்பட்ட பழைய சமன்பாடுகள் அங்கே செல்லாது. எவ்வளவு பெரிய உருமாற்றத்துக்கும் பொருந்தும் கணிதத்தை அவர் அமைத்தார். அமெரிக்காவில் மெல்வின் மூனி 1940இல் எழுதியதோடு சேர்த்து அதை மூனி-ரிவ்லின் என்பார்கள். இன்று எந்தப் பொறியாளர் கணினியில் ரப்பர்ப் பகுதி ஒன்றை வரைந்து அழுத்திப் பார்த்தாலும், மென்பொருளின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கும். ரிவ்லினும் தாமஸும் 1953இல் ரப்பர் கிழிவதைப் பற்றி எழுதிய ஆய்வு, மென்மையான பொருள்கள் உடைவதைப் பற்றிய ஒரு துறையையே திறந்தது. ஆய்வகம் பிறகு ஹெர்ட்ஃபோர்ட் அருகே பிரிக்கன்டன்பரிக்கு மாறியது, துன் அப்துல் ரசாக் பெயரை ஏற்றது. நிலநடுக்கத்தைத் தாங்கும் ரப்பர் மெத்தைகளும் அங்கிருந்து வந்தவைதான். கலிஃபோர்னியாவில் 1985இல் முடிந்த ஃபூட்ஹில் நீதிமன்றக் கட்டடம் அவற்றின் மேல் நிற்கிறது. அமெரிக்காவில் அப்படி எழுந்த முதல் கட்டடம் அதுவே. 2014இல் திறந்த இரண்டாவது பினாங்குப் பாலத்துக்கும் இயற்கை ரப்பர் மெத்தைகளையே வைத்தார்கள். பினாங்குக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் கார் ஏறுகையில் எனக்கு அம்மாவின் வாளிதான் நினைவுக்கு வரும்.

கோல கங்சாரில் 1877இல் நட்ட முதல் ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. அதன் பலகையில் ஹியூ லோ பெயரும் பிரேசிலும் வரும். வரியும் வெல்வினும் ட்ரெலோவரும் அங்கே ஒரு வரியாவது பெற வேண்டும் என்பது என் ஆசை.

காட்ஸின் காலத்தில் ஓர் எக்ஸ்ரே படத்துக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இழுத்து நிறுத்திய ரப்பரை மட்டுமே பார்க்கலாம், இழுக்கும்போது நடப்பதைப் பார்க்க முடியாது. அந்தத் தடையை உடைத்தது சின்க்ரோட்ரான். ஒளியின் வேகத்தை நெருங்கிய எலெக்ட்ரான்கள் வளையத்தில் சுற்றி வருகின்றன. காந்தம் அவற்றின் பாதையை வளைக்கும் ஒவ்வோர் இடத்திலும் எக்ஸ்ரே தெறிக்கிறது, மருத்துவமனைக் குழாயைவிடப் பல மில்லியன் மடங்கு பிரகாசமாக. ஆக ரப்பரை இழுத்துக்கொண்டே, கணத்துக்குக் கணம் படம் எடுக்கலாம். நியூயார்க் மாநிலத்தின் புரூக்ஹேவனில் ஷிகேயுகி தோக்கி, பெஞ்சமின் சியாவ் குழுவினர் 2000களின் தொடக்கத்தில் இதைச் செய்தார்கள். கிடைத்த விடை யாரும் எதிர்பார்க்காதது. ரப்பரைப் பல மடங்கு இழுத்த பின்னும் பாதிக்கு மேற்பட்ட சங்கிலிகள் திசை எதுவும் இல்லாமல் சுருண்டே கிடந்தன. எல்லாச் சங்கிலியும் சமமாக நீள்கிறது என்று பழைய கோட்பாடுகள் கருதியிருந்தன. உண்மையில் கொஞ்சம் பேர்தான் பாரம் தாங்குகிறார்கள், படிகமாகிறவர்களும் அவர்கள்தான்.

இதைக் கணினியில் கட்டிப் பார்ப்பது எளிதன்று. அணுவின் நடுக்கத்தைத் தவறவிடாமல் கணக்கிட வேண்டுமானால் ஒரு படிக்கு ஃபெம்டோ வினாடிதான் நகரலாம். ஒரு வினாடி இழுப்புக்கு ஆயிரம் மில்லியன் மில்லியன் படிகள். எந்தக் கணினியாலும் ஆகாது. அதனால் பல அணுக்களைச் சேர்த்து ஒரு மணியாக்கி, மணிகளின் சங்கிலியாக ரப்பரை எழுதுகிறார்கள். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது. ஜப்பானின் சுமிட்டோமோ ரப்பர் நிறுவனம் ஹியோகோ மாநிலத்தில் உள்ள ஸ்பிரிங்-8 சின்க்ரோட்ரானில் டயர் ரப்பரைப் படம் பிடித்தது. 1,436 மீட்டர் சுற்றளவுள்ள வளையம் அது. ஜே-பார்க் கூடத்தின் நியூட்ரான்களாலும் பார்த்தது. கிடைத்ததைக் கோபேயின் 'கே' மீக்கணினியில் ஏற்றி, ரப்பரும் அதில் கலந்த சிலிக்காத் துகளும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று தேடியது. தேய்மானம் அங்கேதான் தொடங்குகிறது. முடுக்கியும் கணினியும் பொருளும் ஒரே மேசையில் சந்திக்கும் வேலை இன்று இப்படித்தான் நடக்கிறது.

நம்மிடம் சின்க்ரோட்ரான் இல்லை. ஆனால் பெரிய இயந்திரம் இல்லாத நாடு ஆராய்ச்சி செய்ய முடியாது என்று யாராவது சொன்னால், கோலாலம்பூரில் 1985-86இல் நடந்ததைச் சொல்லுங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ சிங், பிளாஸ்மாவை ஒரு கணம் பல மில்லியன் டிகிரி வெப்பத்தில் கசக்கிப் பிடிக்கும் சிறிய கருவியை வடிவமைத்தார். 3 கிலோஜூல் ஆற்றல், ஒரு மின்தேக்கி, ஓர் அறைக்குள் அடங்கும் அளவு. ஐ.நா. பல்கலைக்கழகமும், அப்துஸ் சலாம் திரியேஸ்தேயில் நிறுவிய கோட்பாட்டு இயற்பியல் மையமும் துணை நின்றன. ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்த ஆய்வாளர்கள் கருவியைத் தங்கள் கையாலேயே கட்டக் கற்று, அதைத் தங்கள் ஊருக்கே கொண்டுபோனார்கள். டெல்லிப் பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று போனது. அந்தக் கருவிகளில் மெல்லிய படலங்கள் படியவைத்துப் பொருள் ஆய்வு செய்தவர்கள் பலர். கருவிக்கு இணையாக லீ எழுதிய கணிப்பு நிரல் எக்செல் தாளிலேயே ஓடும். ஈப்போவில் ஒரு மாணவர் வீட்டுக் கணினியில் அதைத் திறந்து, மின்னழுத்தத்தை மாற்றி, பிளாஸ்மா எப்போது கசங்குகிறது என்று இன்று இரவே பார்க்கலாம்.

ரப்பரில் இன்னும் அவிழாத முடிச்சு மரத்துப் பாலுக்கும் ஆலைச் சரக்குக்கும் உள்ள வேறுபாடுதான். ஜப்பானின் யாசுயுகி தனாக்கா, சங்கிலியின் ஒரு முனையில் புரதமும் மறுமுனையில் கொழுப்பும் ஒட்டியிருப்பதாகவும், அவை முனைகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டுவதாகவும் காட்டினார். புரதத்தை நீக்கிய ரப்பர் பச்சையில் தன் உறுதியை இழக்கிறது. அந்த முனைகள் படிகத்தை எப்படித் தூண்டுகின்றன என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் உடன்படவில்லை. மரத்துக்கு மரம் சங்கிலியின் நீளம் மாறும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 ரக மரத்துப் பால் வேறு, பி.பி. 260 ரக மரத்துப் பால் வேறு. இலை உதிர்ந்து துளிர்க்கும் மாதங்களில் பாலின் தன்மையே மாறும் என்பது வெட்டுகிற ஒவ்வொருவருக்கும் தெரியும்.

நமக்கு அருகில் தாய்லாந்தின் நக்கோன் ராட்சசீமாவில் 'சியாம் ஃபோட்டான்' சின்க்ரோட்ரான் இருக்கிறது. ரப்பரை எக்ஸ்ரேயில் பார்க்கும் கற்றைப்பாதை அங்கே உண்டு. வெளிநாட்டு ஆய்வாளர்களும் கற்றை நேரத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தின் மையம் ஒரு நல்ல கேள்வி. என்னிடம் படித்து இப்போது பொருள் அறிவியலில் முதுகலை செய்யும் ஒரு பெண் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தாள். அவளுடைய பாட்டியும் பால்மரம் வெட்டியவர்.

"சார், இலையுதிர்வுக்கு முந்தின பாலையும் துளிர் விட்டதும் வெட்டின முதல் பாலையும் ஒரே மரத்திலேர்ந்து எடுத்து, ரெண்டையும் ஒரே வேகத்துல இழுத்துப் பார்த்தா படிகம் ஒரே நேரத்துல வருமா?"

முதலில் எந்த மரம் என்று முடிவு செய்துகொள் என்றேன். வயது தெரிந்த மரமாக, கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்று சொல்ல ஆள் இருக்கும் மரமாகப் பார்க்கச் சொன்னேன். சுங்கை சிப்புட் பக்கம் சிறுதோட்டக்காரர் ஒருவரின் பெயரும் கொடுத்தேன். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தை அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள்.